சமன் வைத்த கை

உளமானி என்ற எந்திரம் விழித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். காலையில் ஒருவர் தன் மணிக்கட்டை அதன் பள்ளத்தில் வைத்தால்தான் சிறையின் ஒவ்வோர் அறைவாசலிலும் மனவிளக்கு எரியும். வெக்கையும் இரைச்சலும் கொசுக்கடியும் எல்லோர் நாடியையும் குலைக்கும். அதனால் அதே காற்றில் இருக்கும், மனம் நலமான ஒருவரின் நாடியை முதலில் வாங்கிக்கொண்டு, கைதிகளின் கைப்பட்டைகள் காட்டும் நாடியை அதோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் பச்சை. சற்றே இறங்கினால் மஞ்சள். சாவைத் தேடும் அளவுக்குச் சரிந்திருந்தால் சிவப்பு.

நலமானவர் யார்? விதிப்படி மனநல அலுவலர் எஸ்தர் புனிதா. அவள் நலமா என்று எந்த விதியும் கேட்கவில்லை.

அவள் வந்தபின் பச்சையைத் தவிர வேறெதுவும் எரியவில்லை. மேலிடம் பாராட்டியது. பிறகு எதற்கு இத்தனை பேர் என்று, அவளோடு இருந்த இரண்டு ஆலோசகர்களையும் வேறு ஊருக்கு மாற்றியது. தூங்காத கண்ணோடு வருவாள், பச்சையைப் பார்த்து "அப்பாடா" என்று உட்காருவாள். அவ்வளவுதான் நாள்.

அன்று இரண்டு மணிக்கட்டிலும் கட்டோடு வந்தாள். சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டியிருந்தது.

"செங்கோடண்ணே, இன்னிக்கு நீங்க கைய வைங்க."

செங்கோடன் ஆயுள் கைதி. நன்னடத்தைக்காக மற்ற கைதிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்திருந்தார்கள். முந்தின நாள்தான் அவருக்கு விடுதலை ஆணை வந்திருந்தது.

"நானுங்களா? கொலைக்கேசுக்காரன் கைய வெச்சா மிசினு கோவிச்சுக்காதுங்களா?"

"அதுக்குத் தெரியவா போகுது."

வைத்தார். எல்லா அறைகளின் நிறத்தையும் காட்டும் பலகையில் பாதி விளக்குகள் மஞ்சளாயின. மஞ்சள் என்று ஒரு நிறம் இருப்பதையே எஸ்தர் மறந்திருந்தாள். பன்னிரண்டாம் அறை சிவந்தது.

"மிசினைக் கெடுத்துப்போட்டனுங்க மேடம்."

எஸ்தர் ஓடினாள். பன்னிரண்டில் காசிராஜன். அவன் மனைவி மனுப் போட்டு அவனைப் பார்க்க வருவதை நிறுத்தி வெகுநாளாகிறது. கோழிக்கறியைக்கூடப் பக்கத்து அறைக்குத் தள்ளிவிடுகிறான் என்று செங்கோடன் சொல்லியிருந்தார். எஸ்தர் நேற்றும் அவன் வாசலில் நின்றாள். "நல்லா இருக்கேன் மேடம்" என்றான். விளக்கும் பச்சை. அதற்கு மேல் கேட்க அவளிடம் தெம்பில்லை.

காவலர் கதவைத் திறந்தார். காசி சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். எஸ்தர் தரையில், அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன மேடம், காலங்காத்தால?"

"உன் லைட்டு சிவப்பா இருக்கு."

அவன் எட்டிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டு அழுதான்.

"தினம் பச்சையே எரிஞ்சுது மேடம். வாயத் தொறந்து சொன்னாலும் நடிக்கிறான்னுதான் சொல்வீங்கன்னு நெனச்சேன்."

அவன் பேசி முடிக்கும்வரை அவள் எழவில்லை. மருத்துவர் வந்தார். செங்கோடன் துணைக்கு அறைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்.

திரும்பி வந்தபோதுதான் பலகையின் கடைசி வரிசை கண்ணில் பட்டது. கைப்பட்டை அணிந்த ஊழியர்களின் விளக்குகள் அங்கே இருந்தன; அவள் இன்று தன் பட்டையைக் கட்டுக்கு மேலே, முழங்கைப் பக்கம் மாட்டியிருந்தாள். அவளுடையதும் சிவப்பு. இத்தனை நாளும் அது பச்சையாகத்தான் எரிந்தது. தன்னையே தன்னோடு ஒப்பிட்டால் யாருக்குத்தான் பச்சை எரியாது. பயம் வரவில்லை. நெடுநாள் தலையில் இருந்த மூட்டையை யாரோ கைகொடுத்து இறக்கியது போலிருந்தது. விடுப்பு கேட்பது என்று அங்கேயே முடிவு செய்தாள்.

கண்காணிப்பாளர் அருமைநாயகம் எல்லாவற்றையும் கேட்டார். செங்கோடனைக் கூப்பிட்டார்.

"செங்கோடா, ஒரு ஆறு மாசம் இருந்துட்டுப் போயேன். மேல நான் பேசிக்கறேன். கட்டிலு, ஃபேனு, எல்லாம் தரேன். இந்த ஜெயில்லயே நலமான ஆளு நீதான்யா."

செங்கோடன் சிரித்தார். "அய்யா, போன வாரம் என் கைய வெச்சிருந்தா எல்லாம் பச்சைதானுங்க. நேத்து விடுதலைன்னு சொன்னீங்க, ராத்திரி பொணமாட்டம் தூங்குனேன். இப்ப இருன்னு சொல்லிப்போட்டு, நாளைக்குக் காலைல வெச்சுப் பாருங்க."

அருமைநாயகம் உளமானியைப் பார்த்தார்.

"மாத்திப் போன ரெண்டு ஆலோசகரையும் திரும்ப வரச் சொல்லுங்க சார்" என்றாள் எஸ்தர். "நான் லீவு. அவங்க வர்ற வரைக்கும் நீங்க வைங்க."

பன்னிரண்டாம் அறைப் பக்கமிருந்து, இன்னொரு கரண்டி பொங்கல் கேட்கும் காசியின் குரல் வந்தது. அருமைநாயகம் இரண்டு கைகளையும் மெல்லக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.