பெட்டியில் மிச்சமிருந்த பிறந்தநாள்கள்

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் மெக்கானிக் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது பகல் பதினொரு மணி. முன்னறை மேஜையில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அண்ணியின் தொழில். அண்ணி என்றால் உறவில்லை. கடையில் பக்கத்து நாற்காலியில் பத்து வருஷம் உட்கார்ந்திருந்த அண்ணனின் மனைவி. அண்ணன் போய் ஐந்து வருஷமாகிறது.

சோபாவில் போர்வைக்குள் கிடந்த மகள் தலையை நீட்டினாள். லேசான காய்ச்சல், பள்ளிக்கூடம் போகவில்லை.

"சித்தப்பா, நீங்க ரிப்பேர் பண்ணிட்டுப் போனதும் நிஜமான மெக்கானிக்கைக் கூப்பிடணுமாம். அம்மா சொன்னாங்க."

"வாயைப் பாரு. நாலு நாள்ல ஒன்பது வயசு. நாக்குக்கு மட்டும் தொண்ணூறு."

அண்ணி சிரிக்கவில்லை.

மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்தாள். உள்ளே, வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் சேமித்து வைக்கும் கறுப்புப் பெட்டி. அண்ணன் தன் கையால் அமைத்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் மகளுக்காகப் பதினைந்து வீடியோ எடுத்து அதில் போட்டிருந்தார். நாலாவது பிறந்தநாள் தொடங்கிப் பதினெட்டாவது வரை, வருஷத்துக்கு ஒன்று. பெயருக்குப் பதில் வெறும் வயது. அந்தந்த நாளுக்கு முன் எதையும் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். பெட்டி தனக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றுபோல எழுதுமே என்ற தைரியத்தில் யாரும் வேறு பிரதி எடுக்கவில்லை.

"நீங்க கொடுத்த மெமரியைப் போட்டு ஒரு வாரம் ஆகுது, தம்பி. தினம் ஒண்ணு காணாமப் போகுது. முதல்ல பதினெட்டு. மறுநாள் பதினேழு. இப்போ பதினொண்ணுதான் கடைசி."



பெட்டி மந்தமாக ஓடுகிறது என்று அவள் சொன்னபோது, கூடுதல் மெமரி, அதாவது ரேம் அட்டை, போடச் சொன்னவன் அவன்தான். மெமரியை மூன்று மணி நேரமாவது சோதிக்காமல் யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பது கடையின் வழக்கம். அன்று அவன் சோதிக்கவில்லை. அது அண்ணனின் பழைய டிராயரில் கிடந்தது. அண்ணன் எடுத்து வைத்தது என்றால் சோதித்துத்தான் வைத்திருப்பார் என்று அப்படியே கொடுத்துவிட்டான். மெமரி கெட்டிருந்தால் டிஸ்க்கில் தப்பும் தவறுமாக எழுதும். அந்தப் பிள்ளையின் அப்பாவை ஒவ்வொரு வருஷமாகத் தின்றுகொண்டிருப்பது தன் சோம்பேறித்தனம்தானா?

பெட்டியை அணைத்துத் திறந்தான். மெமரியின் பித்தளை நிற முனைகளை ரப்பரால் துடைத்து, அழுத்திப் பொருத்தினான். சோதனையை ஓடவிட்டான். அலமாரிக்குள் மின்விசிறி மெல்ல முனகியது. மருந்து நெடி ஒன்று வந்தது. மேஜையில் இருக்கும் பொய்ப்பல் ஒட்டும் பசையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்று மணி நேரம் கழித்துச் சோதனை முடிந்தது. ஒரு பிழைகூட இல்லை.

"மெமரி நல்லாத்தான் இருக்கு அண்ணி."

"அப்போ யார் அழிக்கிறது?"

எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாகப் போட்ட மெமரியைக் கழற்றி, முன்பே இருந்ததோடு மட்டும் பெட்டியை ஓட்டினான். பட்டியலைத் திறந்தான்.

பதினொன்று இல்லை.

பெட்டியின் பதிவேட்டைப் பார்த்தான். யார் எப்போது எதை அழித்தார்கள் என்று அதில் வரிவரியாக இருக்கும். எட்டு வரியிலும் ஒரே பெயர். அண்ணனின் பெயர். பெட்டியில் அவருக்கிருந்த அந்தக் கணக்கை ஐந்து வருஷத்துக்கு முன் அவனே மூடியிருந்தான்.

தன் லேப்டாப்பை இணைத்தான். ஒன்பதையும் பத்தையும் நகல் எடுக்கத் தொடங்கினான். ஒன்பது வந்துவிட்டது. பத்து பாதியில் நின்றது.

பிறகு பட்டியலிலிருந்தே போய்விட்டது.

அண்ணி அவன் தோளுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். "தேவைப்படாததை மட்டும் அழிக்கிறாரு."

"அப்படியெல்லாம் பேசாதீங்க அண்ணி."

"ஒன்பதைப் போடுங்க."

"சத்தியம்..."

"போடுங்க தம்பி."

போட்டான். ஆஸ்பத்திரிச் சுவர். வெள்ளைத் தலையணை. அண்ணன் ஒட்டிய கன்னத்தோடு சிரித்தார். பின்னணியில் ஏதோ இயந்திரம் சீராக ஒலித்தது.

"குட்டி, ஒன்பது வயசாச்சா?"

அவர்களுக்குப் பின்னால் சோபா இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் அப்பா நேர்லயே சொல்றேன்டா."

அவன் பெட்டியின் வயரைப் பிடுங்கினான். விளக்குகள் அணைந்தன. மின்விசிறி நின்றது. அந்த அமைதியில் சோபாவிலிருந்து குழந்தை தூக்கத்தில் சிரிப்பது கேட்டது.

ஓடிப்போய் நெற்றியில் கைவைத்தான். கொதித்தது.

உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். செய்யாத வைத்தியம் இல்லை. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நாலாம் நாள், பிறந்தநாளன்று, விடியும் நேரத்தில் எல்லாம் முடிந்தது. கடைசிவரை அவள் வலிக்கிறது என்று சொல்லவே இல்லை. கட்டிலின் இடதுபக்கம் யாரையோ பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

ஒரு மாதம் கழித்து அண்ணி அவனைக் கூப்பிட்டாள். மகளின் படங்கள் வேண்டும், பெட்டியைத் தொடத் தனக்குத் தெம்பில்லை என்றாள். பாதி இளைத்திருந்தாள். மேஜையில் ஒரு தாடைகூட இல்லை.

அன்றிலிருந்து மின்சாரமே பார்க்காத பெட்டி. வயரைச் செருகினான். படங்கள் பத்திரமாக இருந்தன. வேண்டாம் என்று மனசு சொல்லியும் விரல் அந்தப் பட்டியலைத் திறந்தது.

வயதுகள் எதுவும் இல்லை. ஒரே ஒரு வீடியோ இருந்தது. பெயர்: அம்மாவுக்கு. தேதி: இன்று.

"என்ன தம்பி, ஏதாவது இருக்கா?" பின்னாலிருந்து அண்ணி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி."

திரையை உடம்பால் மறைத்துக்கொண்டான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வீடியோவின் அளவு கூடிக்கொண்டே போனது. யாரோ இன்னும் பேசி முடிக்கவில்லை.