ஒட்ட வைத்த நகம்

நகத்தை அரம் போட்டு ராவ ராவ, முடி கருகுகிற நாற்றம் வந்தது. பிளாஸ்டிக் இப்படியா நாறும்? மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அவள் மூக்கைச் சுளித்தாள்.

கிதார் பழகுகிறவர்கள் பாடே தனிப் பாடு. இடது கை நகங்களை ஒட்ட வெட்ட வேண்டும், கம்பியை மீட்டுகிற வலது கை நகங்களைப் பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்துப் பார்த்து வளர்க்க வேண்டும். ஒடிந்தால் பிளாஸ்டிக் நகத்தைப் பசை போட்டு ஒட்டிக்கொள்வார்கள். இன்று மத்தியானம் கடையில் அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது அவளுடைய ஆள்காட்டி விரல் நகம் பாதியோடு போயிற்று. நாளைக் காலையில் கிதார் மாஸ்டர் முன்னால் வாசித்துத் தேறினால் அவருடைய இசைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கும் வேலை. இந்த நேரம் பார்த்தா ஒடிய வேண்டும், சனியன்.

அப்போதுதான் யாரோ விற்றதை வாங்கிய பழைய கிதாரோடு வந்த தகர டப்பா ஞாபகத்துக்கு வந்தது. கிதார் உறையின் பையில் கிடந்தது. உள்ளே மஞ்சளாகச் சில நகங்கள். முன்னால் வைத்திருந்தவர் வாங்கிவைத்த செட் என்று நினைத்து, ஒன்றை எடுத்து ஒட்டி, ராவ ஆரம்பித்திருந்தாள்.

"என்னடி நாத்தம்? அடுப்புல முடி விழுந்துடுச்சா?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டாள்.

அவள் விரலை விளக்கடியில் பிடித்தாள். நெடுக வரிவரியாகக் கோடுகள், நடுவில் வெள்ளைப் புள்ளி ஒன்று, அடியில் காய்ந்துபோன தோல் துணுக்கு. சீ. எந்த மனுஷனோ வெட்டிச் சேர்த்துவைத்த நகம். செத்தவனோ, இருக்கிறவனோ. ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினாள்.

நகப்பூச்சு கழுவுகிற மருந்தில் விரலை ஊறவைத்தாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். வலித்தது. வலித்தது அடியில் இல்லை, அந்த மஞ்சள் நுனியில்.

"கடைப் பசைதானே, தானா விட்டுப்போகும். ரொம்பப் பிகு பண்ணாம உக்காந்து பழகு" என்றாள் அக்கா.

உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது, அறைக்குள் ஈரச் சுவரின் வாசனையும் பழைய மரத்தின் வாசனையும் கலந்து நின்றன. கிளாசிக்கல் பாடத்தை எடுத்தாள், இத்தனை மாதமாகத் தடுக்கிய இடமெல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. அடுத்தது ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பர்களின் சோக இசை; அந்த விரல் கம்பியைத் தட்டிய தட்டில் கிதார் மூக்கால் அழுதது. அதோடு விடவில்லை. போனில் கேட்டு வாய் பிளந்திருக்கிறாளே ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ, விரல்களை விசிறியாக விரித்து அடிக்கிற அடி, யாரும் அவளுக்குச் சொல்லித்தராதது, அதுவும் வந்தது. ஐயோ, என்ன சுகம். வெட்கமில்லாமல் சிரித்தாள். பிறகு கையிலிருந்து வாடை வந்தது: புகையிலை, வேறொருத்தனுடைய வியர்வை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

காலையில் அக்காவிடம் கையை நீட்டினாள். ஒட்டின இடத்தில் விளிம்பே இல்லை. நகம் வேர் வரைக்கும் மஞ்சள். அக்கா நகவெட்டியால் நுனியை நறுக்கினாள். ரத்தம் வரவில்லை. கெட்டியாக, மஞ்சளாக ஏதோ ஒன்று கசிந்து அக்காவின் கட்டைவிரலில் ஒட்டியது.

"அடக் கருமமே." அக்கா கையை உதறினாள். "போகாதடி. நேரா ஆஸ்பத்திரிக்குப் போவோம் வா."

"வாசிச்சுட்டு வந்துடறேன்க்கா. இன்னைக்கு விட்டா சாகற வரைக்கும் மாத்திரை அட்டையைத்தான் வெட்டிக்கிட்டு இருக்கணும்."

மாஸ்டரின் அறையில் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் தொடங்கினாள். இல்லை. கை தொடங்கியது.

கிளாசிக்கல் முடிந்தது. ப்ளூஸ் முடிந்தது. நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. நடுவிரலில் குறுகுறுப்பு. அதன் நகம், அவளுடைய சொந்த நகம், பால்பல் மாதிரி ஆடியது. கழன்றது. கிதாரின் வட்ட ஓட்டைக்குள் விழுந்து கடகடத்தது. மோதிரவிரல். அதுவும் விழுந்தது. கட்டைவிரல். வெறும் சதை கம்பியில் உரசியது. கத்த நினைத்தாள், தொண்டைக்குள் புகையிலைக் கசப்பு நிரம்பியிருந்தது.

மாஸ்டரின் கண்ணோரம் ஈரம்.

"வேலை உனக்குத்தாம்மா" என்றார், கண்ணைத் திறக்காமலே. "நிறுத்தாத. இன்னொண்ணு வாசி."

கை வாசித்தது. சிவந்த சதையைப் பிளந்துகொண்டு, மூன்று விரல்களிலும், மஞ்சளாக நுனி எட்டிப் பார்த்தது.