பதினோரு கடவுச்சொற்கள்

பொய்ப்பல் செய்யும் அந்தப் பட்டறையில் மதியம் மூன்றரை மணிக்கு மின்விசிறியும் மெருகு இயந்திரமும் போட்டி போட்டுக்கொண்டு இரைந்துகொண்டிருந்தபோது, மேசையோரம் கிடந்த அவளுடைய போன் தானாக விழித்துக்கொண்டது. அழைப்பு இல்லை, செய்தியும் இல்லை. பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்களின் பட்டியல் மட்டும் திரையில் மெல்ல மேலே நகர்ந்தது, யாரோ எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவதுபோல.

அவள் அதைத் தொடவேயில்லை.

பல் அச்சு வார்ப்பவளுக்கு நாள் முழுக்கக் கையில் பிளாஸ்டர் மாவு. ஒவ்வொரு தடவையும் கையுறையைக் கழற்றிக் கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? வங்கி, மருந்துக்கடை, மின்கட்டணம், வீட்டுக் கேமரா என்று பதினொன்றையும் பிரவுசரிடமே ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தாள், மகராசி.

அந்தப் பதினொன்றில் கேமராதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. மறதி முற்றிப்போன அப்பா வீட்டில் தனியாக இருந்தார். தினமும் ஒரு மணிக்கு, போனிலிருந்தே திருப்பக்கூடிய அந்தக் கேமரா வழியாக அவள் சொன்னால்தான் இதய மாத்திரையைப் போடுவார், வாயைத் திறந்து காட்டுவார். நாளுக்கு ஒரு மாத்திரைக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

உறைகளை உருவி எறிந்தாள். அதே போனில், மாவும் வியர்வையும் பிசுபிசுக்க, பதினொன்றையும் ஒன்றுவிடாமல் மாற்றி முடித்தாள். போன் காய்ச்சல்காரன் நெற்றியாகச் சுட்டது. துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், அருவருப்பு போகவில்லை. மெருகு போடுபவரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, என் போன்ல எவனோ பூந்துட்டான். நல்லவேளை, எல்லாத்தையும் மாத்திட்டேன்."

"எதுல மாத்தினே?"

"இதுலதான்."

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். "புதுசா எதையாவது இறக்கினியாம்மா?"

"பிரவுசர் பழசாயிடுச்சுன்னு மெசேஜ்ல ஒரு லிங்க் வந்துச்சு. என்னென்னமோ அனுமதி கேட்டுச்சு. கையெல்லாம் மாவு, எல்லாத்துக்கும் சரின்னு அமுக்கிட்டேன்."

"போச்சு போ! அப்படி வர்ற லிங்க்கைத் தொடலாமா? நீ அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் அவன் பார்த்துட்டிருப்பான். நெட்டை வெட்டிட்டு, வேற போன்ல இருந்துல்ல மாத்தியிருக்கணும்? திருடன் கையிலயே புதுச் சாவியைக் கொடுத்திருக்கே. முதல்ல அதை அணை."

பொத்தானை அழுத்தினாள். அணைக்கவா என்று திரை கேட்டது. அவள் விரல் போய்ச் சேருமுன் அந்தக் கேள்வி மறைந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி மறைந்தது. திரைக்கு உள்ளேயிருந்து ஒரு விரல் அவள் விரலைத் தள்ளிவிட்டதாகவே பட்டது. உடம்பெல்லாம் கூசியது.

அவருடைய போனில் கேமரா கணக்கைத் திறக்கப் பார்த்தாள். கடவுச்சொல் தவறு. சற்றுமுன் வைத்ததுதான். தவறு. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடலாம் என்றால் அந்த எண் அவளுக்கு மனப்பாடமில்லை, அது அவள் போனுக்குள்ளே இருந்தது.

"வண்டியை எடுக்கிறேன், வா" என்று அவர் வெளியே ஓடினார்.

அவள் நகரவில்லை. கையிலிருந்த போனில் வீட்டுக் கூடம் தானாக விரிந்திருந்தது. மேசை. தண்ணீர்ச் சொம்பு. அப்பா.

"அப்பா" என்றது ஒரு குரல். ஆண்குரல். எதையோ சப்பிக்கொண்டே பேசும் குரல். அவளுடைய அப்பாவை அவன் அப்பா என்கிறான். தூ!

"மாத்திரை போட்டுக்கோங்கப்பா."

"போட்டுட்டேனே?"

"இல்லப்பா. மறந்துட்டீங்க."

"போடாதீங்கப்பா!" என்று அலறினாள். மைக் அணைந்திருந்தது. அழுத்தினாள். எரிந்தது. தானாக அணைந்தது. வெளியே வண்டியின் ஹாரன் அடித்தது. வீடு அரைமணி நேர தூரம்.

அப்பா விழுங்கினார். எழுந்து கேமராவுக்கு வெகு அருகில் வந்து, அகலமாக வாயைத் திறந்தார். நாக்கை நீட்டினார். மோவாயில் எச்சில் இழையாக வழிந்தது.

படம் மேலும் கீழும் அசைந்தது. கேமரா தலையாட்டிக்கொண்டிருந்தது.

"சமத்து" என்றது குரல். "இன்னும் ஒண்ணு."