கனி பாய் கடையில் ஒரே ஒரு லென்ஸ்

அவள் கண்களைத்தான் மாரிராஜ் முதலில் பார்த்தான். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

தென்காசியில் முகம்மது கனி பாயின் கேமரா கடை. வெளியே சாரல்... மேற்கே மலை இருக்கும் இடமே தெரியாதபடி மேகம் இறங்கிக் கிடந்தது. நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தவன், கண்ணாடி மேசையருகே நின்றவளைக் கண்டதும் கைக்குட்டையைத் தலைமேல் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

அவள் ஒரு ஜூம் லென்ஸைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் கண்மை லேசாகக் கரைந்திருந்தது. அந்தக் கண்கள் அவன் தோளில் தொங்கிய கேமரா பையைப் பார்த்தன... பிறகு அவனைப் பார்த்தன.

"நீங்க போட்டோகிராபரா? ஒரு சந்தேகம் கேக்கட்டுமா?"

"கேளுங்க..." அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"கேமரா கம்பெனி லென்ஸ் நமக்குக் கட்டுபடியாகாது. அதே கேமராவுல மாட்டுத மாதிரி வேற கம்பெனிக்காரன் செஞ்சதுன்னு பாய் இதைக் காட்டுதாவ. எங்கயோ இருக்கதைக் கிட்ட இழுத்துக் காட்டுமாமே... நம்பி வாங்கலாமா?"

அந்த லென்ஸை வாங்கத்தான் மாரிராஜும் வந்திருந்தான்! கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையிலிருந்தே தாலி கட்டுவதை எடுத்துவிடலாம், 'ஏ தம்பி, மறைக்காதே' என்று யாரும் ஏசமாட்டார்கள் என்று அதைப் பற்றி எத்தனை நாள் கனி பாயை நச்சரித்திருப்பான்!

'நானும் இதுக்குத்தாங்க வந்தேன்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கண்கள் அவனைப் பெரிய ஆள் என்றல்லவா நினைத்துக் கேட்கின்றன... கனி பாயும் உள்ளறையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இதையா?" என்று சிரித்தான் மாரிராஜ். "இதெல்லாம் கவரிங் நகை மாதிரிங்க. பாக்கப் பளபளன்னு இருக்கும். தொழில் தெரிஞ்சவன் தொடமாட்டான். வாங்கினா கம்பெனி லென்ஸ் வாங்கணும்... இல்லைன்னா சும்மா இருந்துக்கிடணும்."

அவள் கை தானாகக் காதுக்குப் போய் ஜிமிக்கியைத் தொட்டது. அதன் ஓரத்தில் முலாம் தேய்ந்து செம்பு தெரிந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான்.

ஐயோ...

அவள் லென்ஸை மேசைமேல் மெல்ல வைத்தாள். "கவரிங் போடுதவளுக்கும் காது இருக்குங்க. நீங்க சொன்னது நல்லாவே கேட்டுச்சு."

குடையை விரித்துக்கொண்டு சாரலுக்குள் போய்விட்டாள். கூப்பிட அவனுக்குப் பெயர்கூடத் தெரியாது.

உள்ளிருந்து வந்த கனி பாய் சுற்றுமுற்றும் பார்த்தார். "எங்கலே அந்தப் பிள்ளை?"

"வேண்டாம்னு போயிட்டாவ, பாய்..."

"அப்ப உனக்கு எடுத்துக்கிடுதியாலே? இது ஒண்ணுதான் இருக்கு."

மறுநாள் பண்பொழியில் கல்யாண வேலை இருந்தது. மாரிராஜ் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக லென்ஸின் பெயர் இருந்த இடத்தில் கறுப்பு டேப்பை ஒட்டினான். பெயரை மறைத்தாயிற்று... சொன்ன சொல்லை எதைக் கொண்டு மறைப்பது?

கல்யாணம் முடிந்து, பொண்ணு மாப்பிள்ளையைப் படம் எடுக்கப் பழைய குற்றாலத்துக்குக் கூட்டி வந்திருந்தான். அருவியின் தூவானம் புகையாகப் பறந்துகொண்டிருந்தது. மணப்பெண் இசக்கிச்செல்வியின் அலங்காரம் கலையாமல் அவளுடைய தோழி குடை பிடித்திருந்தாள். குடை சற்றே சாய்ந்தது...

அவள்! அதே கண்கள்!

"ஏட்டி குழல்வாய்மொழி, நேராப் பிடி!" என்றாள் இசக்கிச்செல்வி.

குழல்வாய்மொழி... குற்றாலத்து அம்மன் பெயர். அந்தப் பெயரை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டே மாரிராஜ் கேமராவைத் தூக்கினான். தூவானத்தில் ஊறிப்போன டேப் உரிந்து, வாழைத்தோல் மாதிரித் தொங்கியது.

குழல்வாய்மொழி பார்த்தாள். லென்ஸின் பெயரை நிதானமாக வாசித்தாள்.

"நேத்துச் சாயங்காலமே திரும்பக் கடைக்குப் போனேன்..." என்றாள். "வித்துப் போச்சுன்னு பாய் சொன்னாவ. வாங்கினது நீங்கதானா?"

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் குரல் உயரவே இல்லை. குடையை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுத் தூவானத்தில் நனைந்தபடி கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டாள்.

மாரிராஜ் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் இசக்கிச்செல்வி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அட பாவி அண்ணே! நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்துலதான் பாடம் எடுக்கோம். அவ அம்மைக்கு வாதம் வந்து கால் விளங்கலை. முன்னல்லாம் இலத்தூர்க் குளத்துக் கரையில நாரை பாக்காம அவுகளுக்குப் பொழுதே விடியாது. இப்ப குஞ்சு பொரிச்சிருக்காம். வாய் திறக்குதா, இரை எடுக்குதான்னு தினமும் கேக்காவளாம். போன்ல எடுத்தா வெறும் வெள்ளைப் புள்ளியாத் தெரியுதுன்னுதான் அந்த லென்ஸுக்கு அலைஞ்சா. சாரல் முடியுததுக்குள்ள குஞ்சுவ பறந்துரும்லா..."

மாரிராஜுக்கு அருவிச் சத்தமே கேட்கவில்லை. வாழ்க்கையில் எவ்வளவோ முறை வெட்கப்பட்டிருக்கிறான்... ஆனால் காதுமடல் வரை இப்படிச் சுட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இலத்தூரில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றான்.

கதவைத் திறந்த குழல்வாய்மொழி உள்ளே வா என்று சொல்லவில்லை. "என்ன விஷயம்?"

"லென்ஸைக் கொடுக்க வந்தேன். இது உங்க கைக்கு வந்திருக்க வேண்டியது."

"தொழில் தெரிஞ்சவங்க தொடாததை நான் எதுக்குங்க தொடணும்?"

"ஏட்டி, வாசல்ல யாரு?" உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த அவள் அம்மா தங்கத்தாய் எட்டிப் பார்க்க முயன்றாள்.

அந்த அம்மாள் காதுபடச் சொல்வதா? சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றியது மாரிராஜுக்கு.

"நான் ஒரு பொய்க்காரன், அம்மா. இந்த லென்ஸை வாங்கத்தான் நானும் அன்னைக்குப் போனேன். கம்பெனி லென்ஸ் வாங்க எனக்கும் வக்கில்லை. உங்க மக முன்னால அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, வாய்க்கு வந்ததை உளறிட்டேன். உங்க மக மனசு நொந்து போனாவ. அதுக்கப்புறமும் இதை நானே வாங்கினேன்... அதான் ரொம்பக் கேவலம்."

அவன் தலை நிமிரவில்லை. தரையைப் பார்த்தபடியே குழல்வாய்மொழியிடம் சொன்னான்.

"அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு இப்ப உண்மையாப் பதில் சொல்லட்டுமா? இது நல்ல லென்ஸுங்க. வெளிச்சம் கம்மியா இருந்தா கொஞ்சம் தடுமாறும், மண்டபத்துக்குள்ள என்னையே படுத்துது. ரொம்ப இழுத்தா ஓரம் லேசா மங்கும். மத்தபடி பகல்ல, குளத்துக்கரையில... தாராளமா நம்பலாம்."

குழல்வாய்மொழி உள்ளே போனாள். கதவைச் சாத்தப் போகிறாளோ? இல்லை... தன் பழைய கேமராவோடு வெளியே வந்தாள்.

"மாட்டிக் குடுங்க."

குளத்துக்கரையில் மழை சற்று விட்டிருந்தது. தண்ணீர் நடுவே கருவேல மரங்கள்... கிளைக்குக் கிளை நாரைகள். குழல்வாய்மொழி கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"கை ஆடுது..."

"பக்கத்துல ஒரு பட்டன் இருக்கும், அதைத் தள்ளுங்க. ஆட்டத்தை அதுவே தாங்கிக்கிடும்."

"உங்க கையும்லா ஆடுது! அதுக்கு எங்க பட்டன்?"

அவன் அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தான். உடனே, சிரிக்கத் தகுதியில்லாதவன்போல் வாயை மூடிக்கொண்டான். அவள் அதையும் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

படத்தைக் கட்டிலருகே கொண்டுவந்து காட்டினார்கள். தாய் நாரை அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சின் திறந்த வாயில் ஊற்றிக்கொண்டிருந்தது. தங்கத்தாய் கேமராவின் திரையை விரலால் தடவினாள்.

"உள்நாக்குகூடத் தெரியுதே, ஏட்டி..."

மாரிராஜ் சத்தமில்லாமல் வெளியே வந்து செருப்பை மாட்டினான். பின்னாலேயே வந்த குழல்வாய்மொழி, லென்ஸைக் கழற்றி அவன் பையில் வைத்தாள்.

"இது உங்களுக்குன்னு..."

"வேண்டாம். உங்களுக்குத் தொழில் இருக்கு. ஞாயித்துக்கிழமை தோறும் கொண்டுவாங்க, போதும். அம்மைக்கு நாரை பாக்கணும்."

"அம்மைக்கு மட்டுந்தானா?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். கேட்டதும் ஆயிற்று, இனி மறைக்க என்ன இருக்கிறது? "பொய் சொன்னதுக்குக் காரணமும் சொல்லிருதேன். உங்களைப் பாத்த அந்த நிமிஷமே பிடிச்சுப் போச்சு. உங்க முன்னால சின்ன ஆளாத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு..."

மறுபடியும் சாரல் விழ ஆரம்பித்தது. அவள் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"அன்னைக்குப் பெரிய ஆளாத்தான் தெரிஞ்சிய. ஆனா எங்கயோ தூரத்துல..."

"இன்னைக்கு?"

அந்தப் பெரிய கண்கள் தாழ்ந்தன. சிரிப்பை உதட்டுக்குள் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"சின்ன ஆளுதான்... ஆனா பக்கத்துல தெரியுதிய."