குறைந்த ஒரு டப்பா

சனிக்கிழமை விடியும் நேரத்தில் முதலாளி இறந்தார்.

ஊரில் பாதி அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாட்டை டப்பாவில் அடைத்து அனுப்பியவர் அவர். வாந்தியும் பேதியுமாக இரண்டு நாள் மருத்துவமனை மாடியில் கிடந்து, கடைசியில் ஒரு மடக்குத் தண்ணீர்கூட உள்ளே தங்காமல் போய்ச் சேர்ந்தார். அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் அவருடைய டப்பாவைச் சாப்பிட்ட வங்கி ஊழியர்களும் தையல் ஆலைப் பெண்களும் படுத்திருந்தார்கள். கட்டில் போதாமல் சிலருக்குத் தரையில் பாய் விரித்திருந்தார்கள். மாடியிலிருந்து செய்தி இறங்கி வந்தபோது கீழே யாரும் அழவில்லை. “நல்லா வேணும்” என்று ஒரு குரல் சொன்னது. யாரும் அதை மறுக்கவில்லை.

எட்டு மணிக்கு ஆய்வாளர் வந்தார். ஐம்பதை நெருங்கும் ஒல்லியான பெண்மணி. எதற்கும் ‘ஏன்’ என்று கேட்பதால் காவல் நிலையத்தில் அவருக்கு ‘ஏன் மேடம்’ என்று பெயர்.

“எல்லாருக்கும் ஒரே கிருமி மேடம்,” என்றார் டாக்டர். “வியாழக்கிழமை டப்பாவுல போன கோழி சாலட். முந்தின நாள் வேகவச்ச கோழி. ராத்திரி குளிர் அறை கெட்டுப்போயிருக்கு. அதையே காலையில கலந்து, சூடு பண்ணாம அனுப்பியிருக்காங்க. கிருமிக்கு அதைவிட என்ன வேணும்?”

“முதலாளிக்கும் அதேதானா?”

“அதே கிருமிதான். அவருக்குச் சர்க்கரை வேற, இதயமும் பலவீனம். உடம்பு தாங்கல.”

வெளியே வந்ததும் கூட வந்த காவலர் பெருமூச்சு விட்டார். “கேஸ் முடிஞ்சுது மேடம். ஊருக்குக் கொடுத்ததை அவரும் தின்னார், போயிட்டார். சமையல்காரரைப் புடிச்சு உள்ள போட்டுட்டா நாம வீட்டுக்குப் போகலாம்.”

“முதல்ல அவர் ஆபீஸுக்குப் போகலாம்.”

“ஏன் மேடம்?” என்று கேட்டுவிட்டுக் காவலர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அது மேடம் கேட்கும் கேள்வி அல்லவா.

முதலாளியின் அறை சுத்தமாக இருந்தது. அதைக் கூட்டிப் பெருக்கும் உதவியாளர் வாசலில் கைகட்டி நின்றார்.

“வியாழக்கிழமை உங்க முதலாளி டப்பாச் சாப்பாடு சாப்பிட்டாரா?”

அவர் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. “அவரா? நம்ம டப்பாவை மோந்துகூடப் பார்க்க மாட்டார் மேடம். எப்பவும் வீட்டுச் சாப்பாடுதான். முதலாளியம்மா கேரியர்ல அனுப்புவாங்க.”

“அன்னைக்கு என்ன வந்துச்சு?”

“ரொட்டி. நடுவுல கோழி. போன்ல யாரையோ திட்டிக்கிட்டே சாப்பிட்டார், என்ன திங்கிறோம்னே பார்க்கல. காரட்டை மட்டும் சின்னப்பிள்ளை மாதிரி பொறுக்கித் தட்டு ஓரத்துல ஒதுக்கிட்டார். பூ மாதிரி அவ்வளவு அழகா வெட்டியிருந்துச்சு. குப்பையில கொட்டவே மனசு வரல.”

“குப்பை எங்கே?”

“அன்னைக்கே போயிடுச்சு மேடம்.”

பத்து மணிக்கு அவர்கள் முதலாளியின் வீட்டுக்குப் போனார்கள். இரண்டாம் மாடி. கீழே கடைவீதி, எதிரே வங்கி. உடல் இன்னும் வந்து சேரவில்லை. முதலாளியம்மா சமையலறை மேசையருகே உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். முகத்தில் தூக்கமின்மை தெரிந்தது. அழுத தடம் இல்லை.

“வியாழக்கிழமைச் சாப்பாட்டை யாரும்மா செஞ்சது?”

“நான்தான். வேற யார் இருக்கா? கோழியை வேகவச்சேன், காரட் நறுக்கிப் போட்டேன், ரொட்டிக்கு நடுவுல வச்சுக் கட்டினேன்.”

“நீங்களும் அதைச் சாப்பிட்டீங்களா?”

“எனக்கு அன்னைக்குப் பசி இல்ல.”

“அப்போ அவருக்கு எப்படி வந்திருக்கும்னு நினைக்கிறீங்க?”

“சமையற்கூடத்துக்குள்ள போய் எதையாவது தொட்டிருப்பார். கை கழுவுற பழக்கமே கிடையாது. எத்தனையோ தடவை சொல்லிட்டேன்.”

நம்பக்கூடிய பதில்தான். காவலர்கூடத் தலையாட்டினார். ஆய்வாளர் எழுந்து சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்தார். சின்ன அறை. ஒரு கத்தி, ஒரு பலகை. பலகையின் மேல் பாதி நறுக்கிய காரட் கட்டை கட்டையாக, ஒன்று தடியும் ஒன்று மெலிசுமாகக் காய்ந்து கிடந்தது. கழுவாத பாத்திரங்கள் தொட்டி நிறைய இருந்தன. சாப்பாட்டுக் கேரியர் மட்டும் பளபளவென்று துலக்கிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

“காரட் நறுக்க இந்தக் கத்திதானா?”

“ஆமா. ஏன்?”

“சும்மாதான் கேட்டேன்.”

தெருவைக் கடந்தால் வங்கி. சனிக்கிழமை அரைநாள் வேலை. நான்கு மேசைகளில் ஆள் இல்லை. ஐந்தாவது மேசையில் தொப்பை விழுந்த எழுத்தர் ஒருவர் எல்லாருடைய வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையே, ஏன்?”

“என் டப்பா வரல மேடம். எண்ணிப் பார்த்தா ஒண்ணு குறையுது. வேன்காரனோட பெரிய சண்டை. ‘காலையில சரியா ஏத்தினேன் சார், எப்படியோ குறைஞ்சுபோச்சு’ன்னு மழுப்பினான். நான் கத்தின கத்துல மேலாளரே எழுந்து வந்துட்டார். அப்புறம் வெளிய போய் பன்னும் டீயும் சாப்பிட்டுட்டு வந்தேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இப்போ அந்த வேன்காரன் கிடைச்சா கால்ல விழுந்து கும்பிடுவேன்.”

ஆய்வாளர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே எதிர்வீட்டின் இரண்டாம் மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

“வேன் எங்கே நிக்கும்?”

“அதோ, அந்தக் கட்டடத்து வாசல்லதான். இங்கே நிறுத்த இடம் கிடையாது.”

பகல் ஒரு மணி. சமையற்கூடத்துக்குச் சுகாதாரத் துறை பூட்டுப் போட்டிருந்தது. ஆய்வாளருக்காகத் திறந்தார்கள். தலைமைச் சமையல்காரரை ஒரு காவலர் கூட்டி வந்தார். பயத்தில் ஆள் பாதியாகியிருந்தார்.

“குளிர் அறை கெட்டது உங்களுக்கு எப்போ தெரியும்?”

“காலையில கதவைத் திறந்ததுமே மேடம். உள்ள வெதுவெதுன்னு இருந்துச்சு. கோழி லேசா வாடை அடிச்சுது. உடனே முதலாளி வீட்டுக்கு போன் பண்ணினேன். அம்மாதான் எடுத்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். அவர்கிட்ட கொடுத்தாங்க. ‘எலுமிச்சம்பழம் கூடுதலாப் பிழி, எவனுக்குத் தெரியப்போகுது’ன்னுட்டார்.”

“நீங்களும் பிழிஞ்சீங்க.”

அவர் தலை குனிந்தது. “பிழிஞ்சேன்.”

“போன வருஷம் முதலாளியோட மச்சான் ஒருத்தர் வயித்துப்போக்குல இறந்தாராமே. டாக்டர் சொன்னார்.”

“இங்க மூட்டை தூக்கிக்கிட்டு இருந்தார் மேடம். அம்மாவோட சொந்தத் தம்பி. நம்ம சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார், என் கையாலதான் போட்டேன். ஆனா விசாரணையில, ரோட்டோரத்துல வாங்கித் தின்னான்னு அம்மாவே சொன்னாங்க. சொல்ல வச்சார் முதலாளி.”

ஆய்வாளர் சமையல் மேசையை ஒட்டி நடந்தார். மேசையின் கடைசியில் காய் வெட்டும் இயந்திரம் இருந்தது. அதன் அடியில், துடைக்காமல் விட்டுப்போன நாலைந்து காரட் துண்டுகள் சுருங்கிக் கிடந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வட்டமான துண்டு. ஓரம் முழுக்க நெளிநெளியாக, பூவிதழ் மாதிரி.

“டப்பாவைத் திறந்ததும் பார்வையா இருக்கணும்னு முதலாளிதான் இந்த மிஷினை வாங்கினார்,” என்றார் சமையல்காரர்.

வேன்காரரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டியிருந்தது. அவர் அழுதே விட்டார். “முதலாளியம்மா இறங்கி வந்து ஒரு டப்பா கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா மேடம்? யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. ருசி பார்க்கத்தான் கேக்குறாங்கன்னு நினைச்சேன்.”

நான்கு மணிக்கு மறுபடியும் அதே சமையலறை. முதலாளியம்மா அதே நாற்காலியில் இருந்தார். ஆய்வாளர் சுருங்கிப்போன காரட் துண்டை மேசைமேல் வைத்தார்.

“உங்க கத்தியில இப்படி வெட்ட முடியாதும்மா. உங்க வீட்டுக்காரர் தட்டு ஓரத்துல ஒதுக்கினது இந்தக் காரட். ஊர்ல இதை வெட்டுற மிஷின் ஒண்ணுதான் இருக்கு, அவரோடது. வங்கிக்குப் போக வேண்டிய டப்பாவுல ஒண்ணு உங்க வாசல்ல இறங்கியிருக்கு. அதைச் சாப்பிட வேண்டிய ஆள் நல்லா இருக்கார். சாப்பிட்டிருக்கவே முடியாத ஆள் செத்துப்போயிட்டார். சாலட்டை ரொட்டிக்கு நடுவுல வச்சுக் கொடுத்தது நீங்கதான்.”

முதலாளியம்மா அந்தத் துண்டைப் பார்த்தார்.

“நான் விஷம் வைக்கல,” என்றார். “ஒரு துளி எதுவும் கலக்கல. அவர் ஊருக்கு என்ன வித்தாரோ அதைத்தான் அவருக்குப் போட்டேன். அதுல என்ன குத்தம்?”

“கெட்டுப்போனதுன்னு தெரிஞ்சு போட்டீங்க.”

“அவருக்கும்தான் தெரியும். தெரிஞ்சுதானே வித்தார்?” குரல் முதல் முறையாக ஏறியது. “என் தம்பி ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்து ‘அக்கா, தண்ணி’ன்னு கேட்டான். குடிச்சா வெளிய வந்துடும். இருந்தும் கேட்டான். அவன் மூச்சு நின்ன மறுநாள் என்னை ஆபீஸர் முன்னாடி உக்கார வச்சு, ‘என் தம்பிக்கு நாக்கு நீளம், கண்ட இடத்துல தின்னான்’னு என் வாயாலயே சொல்ல வச்சார். அன்னையிலேருந்து தினமும் அவருக்குச் சோறு கட்டிக்கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் நினைச்சுக்கிட்டேதான் கட்டினேன். வியாழக்கிழமை காலையில போன் வந்துச்சு. எலுமிச்சம்பழம் பிழின்னு இவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார். நான் பக்கத்துலதான் நின்னேன். இதுக்கு மேல பொறுக்கணுமா?”



“சரிம்மா,” என்றார் ஆய்வாளர். “கோபம் புரியுது. ஒண்ணு மட்டும் புரியல. டப்பாவை வாங்கும்போது வேன் நிறைய டப்பா இருந்துச்சே. அதெல்லாம் எங்கே போகுதுன்னு உங்களுக்குத் தெரியும். ஏன் தடுக்கல?”

முதலாளியம்மா காரட் துண்டை விரலால் தள்ளி வைத்தார்.

“தடுத்திருந்தா விஷயம் வெளிய வந்திருக்கும். சுதாரிச்சுக்கிட்டு அன்னைக்கு என் சாப்பாட்டையும் தொட்டிருக்க மாட்டார்.”

அதன் பிறகு கேட்க ஒன்றும் இல்லை.

கைது செய்ததும் மருத்துவப் பரிசோதனை செய்தாக வேண்டும். அதே மருத்துவமனைக்குத்தான் போனார்கள். கீழ்த்தளத்தின் நீண்ட நடையில் முதலாளியம்மா தலை நிமிர்ந்துதான் நடந்தார். பாயில் கிடந்தவர்களை அவர் பார்க்கவில்லை. ஒரு மூலையில் இளம்பெண் ஒருத்தி சுருண்டு கிடந்தாள். அவள் கையில் குத்தியிருந்த குழாயை ஆடாமல் பிடித்துக்கொண்டு அவளுடைய தாய் உட்கார்ந்திருந்தார். முதலாளியம்மாவை அடையாளம் கண்டதும் அந்தத் தாய் எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்துக் காவலர் குறுக்கே நகர்ந்தார்.

அந்தப் பெண்மணி திட்டவில்லை. முதலாளியம்மாவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

“கேள்விப்பட்டேன்மா. கட்டினவரையே கொண்டுபோயிடுச்சே அந்தச் சாப்பாடு. காலையில இங்க என்னென்னமோ பேசினாங்க, மனசுல வச்சுக்காதீங்க. உங்களுக்கு என்ன தெரியும், பாவம். எங்களை மாதிரிதானே நீங்களும்.”

பாயில் கிடந்த பெண் கண்ணைத் திறக்காமல் உதட்டை நக்கினாள். “அம்மா, தண்ணி.”

முதலாளியம்மா கைகளை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. அந்தத் தாய் ஆறுதல் சொல்வதாக நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

“மேடம்,” என்றார் முதலாளியம்மா. “என்னை இங்கேயிருந்து கூட்டிட்டுப் போங்க. எங்கே வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன். இவங்களைக் கையை விடச் சொல்லுங்க.”

செவிலியர் ஒருத்தி தண்ணீருடன் வந்து பாயருகே குனியும்வரை ஆய்வாளர் அங்கேயே நின்றார்.