செப்புத் தகட்டில் எட்டு விரல்

சவரிராயன் யாரையும் லேசில் நம்ப மாட்டார். சேலத்து அச்சுக்கூடம் ஒன்றில், படம் அச்சடிக்கும் பிளாக்குகளை முப்பது வருஷம் ஆசிடில் அரித்தெடுத்தவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் கொண்டப்பநாயக்கன்பட்டியில் எது காணாமல் போனாலும் போலீசுக்கு முன்னால் அவரிடம்தான் ஆள் வரும்.

1966ஆம் வருஷம், ஒரு சனிக்கிழமைக் காலை. சேலத்தில் ரேடியோ கடை வைத்திருக்கும் நசுருல்லா சைக்கிளை நிறுத்தும்போதே சொன்னான்: "மேஸ்திரியாரே, என் தங்கச்சி மாப்பிள்ளை எனக்குத் துரோகம் பண்ணிட்டான்."

"உக்காரு பாய். துரோகத்தை அப்புறம் பார்க்கலாம், நடந்ததைச் சொல்லு."

நசுருல்லா பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்தான். பேக்லைட் அட்டை மேல் செம்புத் தகடு ஒட்டியிருந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் கம்பிகளுக்குப் பதிலாகச் செம்புக் கோடுகள் ஓடும் பலகை அது.

"உங்க பிளாக் வேலையேதானுங்க. முட்டை வெள்ளைக்கருவுல பைகுரோமேட் உப்பு கலந்து இருட்டறையில பூசறோம். காஞ்சதும் மேல கோடு பதிஞ்ச படச்சுருளை வெச்சு வெயில்ல காட்டறோம். வெயில் பட்ட இடம் இறுகிடும், படாத இடம் தண்ணியில போயிடும். பூச்சு போன இடத்துச் செம்பை ஆசிட் தின்னுடும். இதையெல்லாம் ஊட்டுல செய்ய முடியாதுன்னார் கோயமுத்தூர்க் கம்பெனிக்காரர். செஞ்சு காட்டறேன்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை பார்க்க வாரார்."

"செய்ய வேண்டியதுதானே?"

"ரெண்டு வெள்ளிக்கிழமையா நாலு நாலு தகடு பாழுங்க. காலையில பூசிப் பெட்டியில பூட்டிட்டு ஜும்மாவுக்குப் போறோம். வந்து வெயில்ல காட்டிக் கழுவினா பூச்சு மொத்தமும் ஒட்டிக்கிட்டு நிக்குது. முன்னாடியே யாரோ வெளிச்சத்துல காட்டியிருக்காங்க. வெளிச்சம் ஆகாதுன்னு தெரிஞ்சவங்க நானும் தங்கச்சி மாப்பிள்ளை ஹபீபும்தான். ரெண்டு தடவையும் அவன் எனக்கு முன்னாடியே பள்ளிவாசல்ல இருந்து கிளம்பிட்டான். அடுத்த தெரு ரேடியோ கடைக்காரன் வேற அவனை வேலைக்குக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கான். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஊட்டை விட்டுப் போன்னுட்டேன்."

"உன் தங்கச்சி?"

நசுருல்லா தலை குனிந்தான். "அவளும்தானுங்க. ஆறு மாசம் முழுகாம இருக்கா."

உள்ளிருந்து சவரிராயனின் மனைவி இன்னாசிமேரி ஆவலாக வந்தாள். "மாப்பிள்ளைதான் செஞ்சிருப்பான். சந்தேகமே இல்லை."

"யாகப்பன் ஊட்டுக் கோழி போனப்பவும் மாப்பிள்ளைதான்னே. கீரிப்பிள்ளை தூக்கிட்டுப் போயிருந்துது."

சவரிராயன் தகட்டை வெளிச்சத்தில் திருப்பினார். கழுவும்போது கண்ணுக்குத் தெரிவதற்காக ஊதாச் சாயம் ஏற்றிய பூச்சு முழுக்கப் படர்ந்து கிடந்தது. இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு, நீளநீளமான திட்டுகளில் மட்டும் செம்பு தெரிந்தது. அந்தத் திட்டுகளுக்குள் கோடுகள் கத்தியால் கீறியது போலச் சுத்தமாக விழுந்திருந்தன.

"இது?"

"எண்ணெய்க் கை பட்டிருக்கும்."

"எண்ணெய் பட்ட இடத்துல கோடு இப்படி நிக்காது. பூசின தகட்டை நீங்க எப்படிப் பிடிப்பீங்க?"

"ஓரத்தை மட்டும்தான். ஹபீபும் அப்படித்தான். முகத்துல விரல் பட்டா பாழாச்சே."

"சாவி எங்கே இருக்கும்?"

"சட்டைப் பையில."

"குளிச்சு வேற சட்டை போட்டுத்தானே தொழுகைக்குப் போவே?"

நசுருல்லா தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான்.

மூவரும் சேலத்துக்குப் போனபோது ஹபீப் டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி அஜீஸுன்னிசா அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நசுருல்லாவின் தாயார் மஸ்தான் பீவி டீ கொண்டுவந்து வைத்தாள். சவரிராயன் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி இன்னாசிமேரியிடம் கொடுத்தார்.

"உன் மூஞ்சியைப் பாரு."

பார்த்தாள். இரண்டு கட்டைவிரலும் கண்ணாடியின் முகத்தில் இருந்தன.

"இப்ப எனக்குக் காட்டு."

திருப்பிப் பிடித்தாள். கட்டைவிரல்கள் பின்னால் போயின. பக்கத்துக்கு நான்காக எட்டு விரல்கள் முன்னால் வந்தன.

சவரிராயன் தகட்டை அதன் அருகில் வைத்தார். "விரல் மறைச்ச இடத்துல வெளிச்சம் விழலை. அதனாலதான் அங்க மட்டும் வேலை சரியா வந்திருக்கு. கெடுக்க வந்தவன் வெயில்ல போட்டுட்டுப் போவான். வேவு பார்க்க வந்தவன் தன் மூஞ்சிக்கு நேரா பிடிப்பான். இதை எடுத்தவங்க வெயில்ல நின்னு இன்னொருத்தருக்குக் காட்டியிருக்காங்க. அப்படிக் காட்டறது பெருமைப்படறவங்கதான். நசுருல்லா, நீ கழற்றிப் போடற சட்டையைத் துவைக்க எடுக்கறது யாரு?"

மஸ்தான் பீவி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நாந்தான் காட்டினேன். பக்கத்து வீட்டு ராசாத்தி, எம்மவன் பஸ் கண்டக்டர், எம்மவன் பஸ் கண்டக்டர்னு உசிரை வாங்கறா. எம்மவன் ரேடியோவே செய்யறான், பாருடின்னேன். மறு வாரம் நாத்தனாரையும் கூட்டிட்டு வந்துட்டா. நாலையும் காட்டினேன். தங்கமாட்டம் மின்னுச்சு. பெட்டியைத் திறக்காதேன்னு சொன்னானே தவிர, ஏன்னு ஒருத்தனும் சொல்லலையே."

நசுருல்லா ஹபீபின் முன்னால் போய் நின்றான்.

"ஏன் முன்னாடி வந்தேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மச்சான்" என்றான் ஹபீப். "வெயில் இறங்கறதுக்குள்ள மாடியில படச்சுருள் மேல வைக்கற கண்ணாடியைத் துடைச்சு வைக்கத்தான் ஓடி வந்தேன்."

நசுருல்லா குனிந்து டிரங்குப் பெட்டியின் கயிற்றைத் தானே அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தான். பார்த்துக்கொண்டிருந்த ஹபீப் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். திங்கட்கிழமை கோயமுத்தூர்க்காரர் வந்தபோது, கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று சவரிராயனும் வந்து உட்கார்ந்திருந்தார். வந்தவர் பூதக்கண்ணாடி வைத்து நான்கு பலகைகளையும் பார்த்தார். முப்பது வருஷத்தில் தன் கையில் இவ்வளவு மெல்லிய கோடு நின்றதில்லை என்று சவரிராயனுக்குத் தெரியும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் பாய்க்குத் தலை கனத்துவிடும்.

"எங்கே செய்தது?" என்றார் கோயமுத்தூர்க்காரர்.

நசுருல்லா வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு ஹபீபைப் பார்த்தான். "நீ சொல்லு மச்சான்."

ஹபீப் நிமிர்ந்து நின்றான்.

"இந்த ஊட்டு மாடியிலதானுங்க. நாங்க ரெண்டு பேரும்."