நிரலில் இல்லாத நிறுத்தம்

கணினி லேத் வந்து இறங்கிய காலையிலேயே மாமாவுக்கு அதைப் பிடிக்கவில்லை.

“இதென்ன மாப்ளே, ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கு?”

மாமா என் மனைவியின் அப்பா. பட்டறை அவருடையது. மூலையில் அவருடைய பழைய கை லேத், கையால் ஓட்டும் கடைசல் இயந்திரம், நின்றது. ஏழு மாதத்துக்கு முன் அது, அதில் கடைந்துகொண்டிருந்த என் மனைவியின் சட்டைக் கையைச் சுற்றி இழுத்தது. அவளையும் சேர்த்து. அதற்குப் பிறகும் அவர் அதற்கு எண்ணெய் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“பத்து இரும்பு பின் கடைஞ்சு காட்டுங்க, இஞ்சினியர் சார். ஒண்ணு அளவு தப்பினாலும் பழசு இங்கயேதான் இருக்கும்.”

“பத்தும் சரியா வந்தா?”

“பழைய இரும்புக்குப் போட்டுடறேன்.”

எனக்கு அது போதும். அந்த இரும்பு இந்த இடத்தை விட்டுப் போக வேண்டும். வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

“கையால கடையறவனுக்குச் சத்தத்துலயே தெரியும், உளி மழுங்கிடுச்சுன்னு. உங்க பெட்டிக்குக் காது இருக்கா?”

“கதவு இருக்கு மாமா.”

அவர் எண்ணெய்த் துணியை உதறி மடித்தார்.

கை லேத் ஒரு கிழட்டுப் பொய்யன். திருகு தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கும். கடைசி வெட்டுக்கு முன் பிடியை அரைச் சுற்று பின்னால் கொண்டுபோய், மறுபடி முன்னால் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் அளவு தப்பும். இந்தக் கெஞ்சலுக்குத்தான் கைப்பக்குவம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கணினி லேத்திடம் எண்ணைக் கொடுத்தால் அந்த எண்ணில் போய் நிற்கும். யாருடைய கையும் உள்ளே போக வேண்டியதில்லை.

கதவைச் சாத்திப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். உளியின் சூட்டைத் தணிக்கும் வெள்ளைக் குளிர்நீர் கண்ணாடியில் அடித்தது.

கடைசி வெட்டுக்கு முன் உளி பின்னால் போனது.

ஒரு மூச்சு நேரம் அங்கேயே நின்றது.

பிறகு முன்னால் வந்தது.

முப்பது வரி நிரல், நான் எழுதியது. மூன்று முறை படித்தேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை.

“நான் அப்படி நிறுத்த மாட்டேன்,” என்றார் மாமா, என் தோளுக்குப் பின்னாலிருந்து, மிக மெதுவாக. “அவதான் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிறுத்துவா.”

“மெஷின் கோளாறு.”

“சரி. கோளாறு.”

பத்தும் சரியாக வந்தன. பத்திலும் அந்த நிறுத்தம்.

மதியம் பழைய இரும்புக்காரன் வண்டி வந்தது. சங்கிலி போட்டுக் கை லேத்தைத் தூக்கினார்கள். மாமா வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் ஏதாவது உணர்வேன் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை.

உள்ளே கணினி லேத் தானாக ஓடத் தொடங்கியது.

ஓடிப்போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக் காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உளி எட்டத்தில் நின்றது. வெறும் சக் சுற்றினால் திரையில் மோட்டாரின் சுமை இரண்டு சதவீதம் காட்டும்.

பதினைந்து காட்டியது.

நாற்பது.

எதையோ சுற்றி இழுத்துக்கொண்டிருந்தது.

நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன்.

“இன்னும் என்ன மாப்ளே கடையறீங்க?” என்று வாசலிலிருந்து மாமா கேட்டார்.

தொண்ணூறு.